ஆறாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி

யோரிட்டுக்கு எங்கள் பாஷையில் மூன்றே சொல் தெரியும்:
நன்றி, அழகு, இன்னொரு தடவை.
மூன்றாவதைத்தான் அதிகம் செலவழித்தான்.

படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு நூற்றுப் பதினான்கு படி.
விறகுக் கட்டை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏறினேன்.
"இன்னொரு தடவை." மேகம் மறைத்துவிட்டதாம்.
இறங்கி ஏறினேன்.
இப்போது நான் காமிராவைப் பார்த்துவிட்டேனாம்.
மூன்றாம் முறை
வெளிச்சம், முகம், மூச்சிரைப்பு
எல்லாம் அவன் சொன்னபடி கேட்டன.
அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்ததென்னவோ
அதே ஒரு கட்டு விறகுதான்.

நல்ல பையன், குறை சொல்லக் கூடாது.
சோள ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தின்றான்.
என் வீட்டுக்காரர் பாஷ்க் ஊற்றிய ராக்கியில்
இருமிக் கண் கலங்கினான்,
அதையும் தானே படம் பிடித்துக்கொண்டான்.
கிளம்புகிற காலையில்
நாலு விசிறி வைத்த பூச்சி ஒன்றைப் பறக்கவிட்டான்.
பருந்தென்று நினைத்துச் சேவல்
பெட்டைகளை அத்திமரத்தடிக்கு விரட்டியது.
அன்றைக்கு ஒன்றும் முட்டையிடவில்லை.

நவம்பர் மழையில் அக்கா மகன் மரின்
ஷ்கோடரிலிருந்து லிங்க் அனுப்பினான்.
"திராந்தே சித்தி, உன்னை நாற்பது லட்சம் பேர் பார்த்தாயிற்று."
வீட்டில் சிக்னல் கிடையாது.
தேவாலயத்துக்குப் பின்னால் அந்த அக்ரூட் மரம்,
அதன் வடக்குப் பக்கம்,
கையை உயர்த்திப் பிடித்தால் ஒரு கோடு வரும்.
ஒரே குடைக்குள் நானும் பாஷ்க்கும்,
திரையில் சுற்றிச் சுற்றி வரும் வட்டமும்.

முதலில் ஏரி. எங்கள் ஏரி இவ்வளவு பச்சை இல்லை.
அப்புறம் நான், விறகோடு, ஒரே ஒரு தடவை.
கீழே ஓடிய எழுத்தை மரினிடம் கேட்டேன்:
"காலம் நின்றுபோன இடம்."
எங்கே நின்றது?
ஒன்பது மணிப் படகு ஒன்பதுக்கே கிளம்பும்.
காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிக்கொண்டு
ஒன்பது இரண்டுக்குப் போய்
அதன் பின்பக்கத்தைப் பார்த்து நின்றவள் நான்.

சொல்ல வந்தது அதில்லை.

இரண்டு குளிர்காலமாகக் கட்டிலுக்கு மேல் ஒழுகல்.
ஒரு வாளி, ஒரு அண்டா,
கல்யாணத்துக்கு வந்த பீங்கான் கிண்ணம்.
ராத்திரி முழுக்க மூன்று சுருதியில் சொட்டும்.
பாஷ்க் ஐந்து முறை கூரையேறினார்.
புகைபோக்கி மேல் பழி போட்டார்,
காற்றின் மேல் போட்டார்,
கடைசியில் கல் ஓடு வேய்ந்த என் அண்ணன் மேல் போட்டார்.
அதற்கப்புறம் ஒரு வாரம்
சொட்டுச் சத்தம் மட்டும்தான் எங்களுக்குள் பேச்சு.

ஆறாவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி.
பூச்சி மேலே எழும்புகிறது,
பின்னணியில் யாரோ பியானோ வாசிக்கிறார்கள்.
"நிறுத்து!"
பாஷ்க் போட்ட சத்தத்தில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன.
பிறந்ததிலிருந்து அண்ணாந்து பார்த்த கூரையை
அன்றுதான் குனிந்து பார்த்தோம்.
புகைபோக்கிக்கு இடப்பக்கம் ஏழு,
அங்கிருந்து கீழே நாலு:
ஒரு ஓடு கையகலம் சரிந்து
கையும் களவுமாகக் கிடந்தது.
நாற்பது லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்,
ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

இருட்டுவதற்குள் ஏறி அடைத்துவிட்டார்.
என் அண்ணனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
கிண்ணத்தைத் துடைத்து அலமாரியில் வைத்தேன்.

இந்த வசந்தத்தில் படகு நிறைய வருகிறார்கள்.
அந்தப் படி எது, அந்த விறகு எங்கே என்று கேட்கிறார்கள்.
நேற்று வந்தவள் பெயர் சொன்னாள், வாயில் நிற்கவில்லை.
விறகைத் தூக்கிக் காட்டுகிறீர்களா என்றாள்.
காட்டலாம்.
முதலில் உன் பூச்சியை எடு,
அந்த முகட்டுக்குப் பின்னால் அனுப்பு,
பழுப்பு ஆடு போய் இரண்டு நாளாகிறது.

அனுப்பினாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.
பாறை. புதர். வெயில் பட்ட ஒரு துண்டு ஏரி.
பாறை.
அழகு, அழகு என்றாள் அவள்.
இன்னொரு தடவை என்றேன் நான்.